செலவுத் தொகையோட ஜெயிச்ச கதை

வா மருமவனே, திண்ணையில இரி. கையில என்ன, மட்டிக்குலையா? நல்லாப் பழுத்திருக்கே. சும்மா வாறவன் வெறுங்கையோட வருவான். குலையோட வாறவன் கச்சேரிக் காரியமாத்தான் வருவான். அக்குளுக்குள்ள என்ன காயிதம்? எடு. கண்ணாடி அந்தப் பொறையில இருக்கு, எட்டித் தா.

ஓ, நாலுவழிச் சாலையா.

அந்த ரோடு நம்ம ஜில்லாவுல குடிச்ச குளமும் தின்ன வயலும் கொஞ்சமா? ஒங்கப்பன் விட்டுப்போன எட்டு மரக்கால் விதைப்பாடும் அதுலதான போச்சு. கன்னிப்பூவும் கும்பப்பூவும் வெளைஞ்ச மண்ணுல இப்போ கேரளா லாரி ஓடுகு. குடுத்த காசு கொறவுன்னு ஆர்பிட்ரேஷன் மனு போட்டே, தொகை நவரல்ல. இப்போ கோர்ட்டுக்குப் போணும். போயி ஜெயிச்சா கேசுச் செலவையும் கவர்மெண்டே தந்திரும்னு சாயாக்கடையில எவனோ சொல்லியிருக்கான். உள்ளதா மாமான்னு கேக்க வந்திருக்கே.

உள்ளதுதான் மக்கா. அதுலதான் எடங்கேறே இருக்கு.

1894-ஆம் வருஷத்து நெலமெடுப்புச் சட்டத்துல 27-ஆம் பிரிவுன்னு ஒண்ணு. கலெக்டர் வச்ச விலை கோர்ட்டுல நிக்கல்லன்னா, சாதாரணமா செலவு கலெக்டர் தலையில. அந்தச் சட்டத்தத் தூக்கிப் போட்டுட்டு 2013-ல புதுசு ஒண்ணு கொண்டுவந்தான். 2014 ஜனவரி 1-ல இருந்து நடப்பு. அதுலயும் 71-ஆம் பிரிவுன்னு அதே சங்கதி, பழைய வேட்டிய வெளுத்து மடிச்ச மாதிரி. எடுக்கப்போறோம்னு அறிவிச்ச நெலத்தக் கையேத்தாம, வேண்டாம்னு கவர்மெண்டு பாதியில விட்டுட்டுப் போனாக் கூட, ஒனக்கு வந்த நஷ்டத்தையும் ஞாயமான வழக்குச் செலவையும் எண்ணி வைக்கணும்னு ரெண்டு சட்டத்துலயும் இருக்கு. கல்யாணம் நின்னா பந்தல் செலவு மாப்ள வீட்டோட.

கேக்க எளனீர் மாதிரி இருக்கு என்ன? தொண்டையில எறங்கட்டும், வாலச் சொல்லுகேன். நீ கேட்ட தொகை பேராசைன்னு ஜட்ஜிக்குத் தோணிச்சுன்னாலோ, அதிகாரி கூப்பிட்டப்ப ஆதாரத்தக் காட்டாம நீ அசட்டையா இருந்திட்டேன்னாலோ, ஒன் செலவுல வெட்டலாம். அவுக செலவுல ஒரு பங்கையும் ஒன் தலையில வைக்கலாம். இதுவும் அதே 27, 71-ஆம் பிரிவுலதான், அடுத்த வரியில. சாயாக்கடைக்காரன் இந்த வரி வரைக்கும் படிச்சிருக்க மாட்டான், வடை எடுக்கப் போயிருப்பான்.

நம்ம சொக்காரன் ஒருத்தன் இப்படித்தான், வெளையில நின்ன ஒவ்வொரு தெங்குக்கும் 300 தேங்கான்னு எழுதிக் குடுத்தான். ஜட்ஜி மூக்குக்கண்ணாடிய எறக்கிப் பாத்து, ‘இது வருஷத்துக்கா, அதோட ஆயுசுக்கா’ன்னு கேட்டாரு. கோர்ட்டே சிரிச்சுது. செலவுத் தொகையில பாதி அந்தச் சிரிப்போடயே போச்சு. கேக்கதுல பத்துல ஒரு பங்கு கெடச்சா, செலவும் அந்த வீதத்துக்குத்தான் கணக்குப் போடுவான்னு பொறவுதான் அவனுக்கு வெளங்கிச்சு.

சரி, ஒங்கப்பன் கேசு ஒனக்கு ஓர்மை உண்டுமா? நீ அப்போ டவுசர் போட்டுக்கிட்டு என் மட்டியத் தின்னுட்டுத் திரிஞ்சே.

ஒங்கம்மைக்கு எங்க வீட்டுல சீதனமாக் குடுத்தது 32 சென்டு வெளை. மிச்சம் 32 சென்டு என் கையில. நடுவுல ஒரே எல்லைக்கல்லு. 1986-ல ஒரு கவர்மெண்டு திட்டத்துக்கு ரெண்டையும் ஒரே அறிவிப்புல எடுத்தாங்க. என்ன திட்டம்ங்கது வேண்டாம், செத்தவன் பேரு எதுக்கு. சென்டுக்கு 600 ரூவா. ஒங்கப்பனுக்கு ரோஷம் வந்துட்டு. பணத்த ஆட்சேபணையோட வாங்குகேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கி, ஆறு வாரத்துக்குள்ள மனு குடுத்து, கேசக் கோர்ட்டுக்கு அனுப்ப வச்சான். இந்த ரெண்டுலயும் கெட்டிக்காரன், குத்தம் சொல்ல மாட்டேன். ஆட்சேபணைன்னு ஒரு வார்த்த எழுதாம வாங்குனவனெல்லாம் அங்கேயே செத்தான். அந்தச் சட்டத்துல இன்னொரு நல்லதும் உண்டும்: கோர்ட்டு ஏத்தலாம், கலெக்டர் குடுத்ததுக்குக் கீழ எறக்க முடியாது.

1997-ல தீர்ப்பு. சென்டுக்கு 1,900. ‘செலவுத் தொகையுடன்’னு ஜட்ஜி வாசிச்சப்ப ஒங்கப்பன் மீச ரெண்டு அங்குலம் ஏறிச்சு. அன்னைக்கு ராத்திரி எல்லாருக்கும் ரசவடை.

பொறவு டிக்கிரிக் காப்பி வந்துது. கடைசித் தாளுல செலவுப் பட்டியல்: வக்காலத்து ஸ்டாம்பு, சாட்சிக்குப் பேட்டா, நகல் செலவு, விதிப்படி வக்கீல் ஃபீஸ். ஆக மொத்தம் 1,140 ரூவா. பைசாவோட இருந்துது, பைசாவ நான் விட்டுட்டேன்.

ஒங்கப்பன் தனியா ஒரு நோட்டு வச்சிருந்தான்லா, பச்ச அட்டை. அதுல உள்ள பட்டியல் வேற. பஸ்ஸு. வாய்தாவுக்குப் போன அன்னைக்கு வயலுல ஆளுக்குக் குடுத்த கூலி. சாட்சி சொல்ல வந்தவனுக்கு ஊணு, அவன் தம்பிக்கும் ஊணு, திரும்பி வரும்போது ரெண்டு பேருக்கும் பழம்பொரி. சாட்சிக்காரன் கிழிஞ்ச வேட்டியோட கூண்டுல ஏறுனா அவன் சொல்லுக விலையும் கிழிஞ்சிரும்னு வக்கீல் சொன்னதுனால ஒரு கரைவேட்டி. பக்கத்து நெலத்து விலை ஆதாரத்துக்கு நகல் எடுக்க ரிஜிஸ்தர் ஆபீசுக்கு ஒம்பது நடை. குமஸ்தாவுக்கு ஓணம். அதே குமஸ்தாவுக்குத் தீவாளி. எல்லைச் சீமையில பொறந்தவன், ரெண்டும் கொண்டாடுவான். ஒரு பக்கத்துல ‘ஜட்ஜி லீவு’ன்னு மட்டும் எழுதி, நேரா 14 ரூவா. அந்தப் பக்கத்தப் பாத்தா எனக்கு இப்பவும் கண்ணு நெறையும், சிரிச்சித்தான்.

அப்பீலுக்குக் கவர்மெண்டு போச்சு, மெட்ராசுக்கு. மக்கா, நம்ம நாஞ்சிநாட்டுக்காரனுக்கு ஹைகோர்ட்டு ஒரு எடத்துல நின்னதே கெடையாது. எங்க தாத்தாவுக்குத் திருவனந்தபுரம். காலையில சோத்தக் கட்டிக்கிட்டுப் போனா மறுநா திரும்பிரலாம். திரு-கொச்சி ஆனப்ப எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோனான். 1956 நவம்பர் 1-ல தாய்த் தமிழ்நாட்டோட சேந்தோம், வெடி போட்டோம், பாயசம் வச்சோம். வெடிப்பொக அடங்குன பொறவுதான் அப்பீலுக்கு 700 கிலோமீட்டர் மெட்ராஸ் போணும்கது ஓர்மை வந்துது. 2004 ஜூலை 24-ல மதுரையில கிளை தொறந்தப்ப, ஒங்கப்பன் கேசும் பெட்டி கட்டிக்கிட்டு மதுரைக்கு வந்துது. 2006-ல கவர்மெண்டு தோத்துது. அந்தப் பச்ச நோட்ட நானும் அவனுமாக் கூட்டிப் பாத்தோம். 41,000-த்தத் தாண்டிச்சு. அதுல வக்கீல் எடுத்த பங்கு சேரல்ல. ஜெயிச்சா இத்தன பங்குன்னு வக்கீலு பேசக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதி உண்டும். எழுதுனாத்தான விதி? வேப்பமரத்து மூட்டுல நின்னு வெரலக் காட்டுனதுக்கு ஏது விதி?

1,140 எங்க, 41,000 எங்க? ஆனா ஒங்கப்பன் மூழ்கல்ல. அது என்னன்னு கேளு. கூட்டிக் குடுத்த தொகைக்கு 1984 திருத்தப்படி நூத்துக்கு 30 ஆறுதல் தொகை. நெலத்தக் கையேத்த நாள்ல இருந்து மொத வருஷம் நூத்துக்கு 9, அதுக்கு மேல நூத்துக்கு 15 வட்டி. கவர்மெண்டு இழுக்க இழுக்க வட்டி ஏறிச்சு. பாவம், அவன் வாய்தா போட்டவனையெல்லாம் வைதுக்கிட்டே இருந்தான். வாய்தாதான் அவன் வக்கீலுக்குக் காசு குடுத்துது. செலவுத் தொகைய வச்சு ஒரு பித்தளைக் குத்துவெளக்கு வாங்கினான். ஒங்க வீட்டுல இப்பவும் எரியுதுலா, அதுதான்.

அந்தக் காசும் லேசுல வந்துதுன்னு நெனைக்காத. டிக்கிரி நிறைவேத்த மனு போட்டு, ஜப்திக்கு உத்தரவு வாங்கி, ஆமீனக் கூட்டிக்கிட்டு ஒரு ஆபீசுக்குப் போனோம், பேரு வேண்டாம். நாக்காலி, பேன், ஜீப்பு. பேப்பர்ல அடிக்கடி படிக்கமே, கலெக்டர் ஆபீஸ் கார ஜப்தி பண்ணப் போனாங்கன்னு, அது மாதிரி. ஆமீன் ஜீப்புல கைய வச்சாரு. டிரைவர் பவ்யமா, ‘கொண்டுபோங்க சார், தள்ளிக்கிட்டுப் போணும், பேட்டரி இல்ல’ன்னான். நாலு பேரு தள்ளிக் கேட்டு வரைக்கும் கொண்டுவந்தோம். ஒரு அதிகாரி ஓடிவந்து ஒரு மாசம் தவணை எழுதிக் குடுத்தாரு. திரும்பியும் உள்ள தள்ளுனது யாருன்னு நெனைக்கே? நாங்கதான்.

இனி ஒரு ரகசியம். மட்டிய உரி, தின்னுக்கிட்டே கேளு, கோவம் கொறையும்.

அதே 1984 திருத்தத்துல 28-ஏன்னு ஒரு பிரிவையும் சேத்தான். ஒரே அறிவிப்புல நெலம் போனவங்கள்ல ஒருத்தன் கோர்ட்டுல கூடுதல் வாங்கினா, கேசே போடாத மத்தவனும் அந்தத் தீர்ப்பு வந்து மூணு மாசத்துக்குள்ள ஒரு மனு குடுத்தாப் போரும், அதே விலை அவனுக்கும். ஏழ எளியவன் வக்கீல் வைக்க முடியாம ஏமாறப்பிடாதுன்னு வச்ச பிரிவு. புதுச் சட்டத்துலயும் உண்டும், 73.

1997-ல ஒங்கப்பன் ரசவடை விளம்பிக்கிட்டிருந்த அன்னைக்கு, அந்தத் தீர்ப்பு நகலுக்கு மனு எழுதிக்கிட்டிருந்த ஏழ எளியவன் யாரு தெரியுமா? நாந்தான்.

மொறைக்காத. வடையும் தின்னேன், மனுவும் குடுத்தேன். அப்பீல் முடியட்டும்னு என் மனுவ உறங்கப் போட்டாங்க. நானும் உறங்குனேன். ஒங்கப்பன் உறங்கல்ல. 2006-ல அவனுக்கு வந்த அதே 1,900, அதே ஆறுதல் தொகை, அதே வட்டி, என் 32 சென்டுக்கும் வந்துது. என் செலவு நகலுக்கும் மனுவுக்கும் சேத்து ஒரு நூறு ரூவா நோட்டுக்குள்ள. ஜீப்பு தள்ளுனதக் கணக்குல சேத்தா, கூட கொஞ்சம் நடுவலி. ஒங்கப்பன் கடைசி வரைக்கும் இதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல்ல. ஒரே ஒரு தடவ, சாவுகதுக்கு முந்துன பொங்கலுக்கு, ‘அத்தான், அந்த 14 ரூவாயில 7 ஒம்ம பங்கு’ன்னான்.

நான் பழைய காலத்து மாமன்னு வையி, இன்னும் மோசம். மருமக்கள்வழியில நான் ஒனக்குக் காரணவன். ஒன் தாவழி வயலுக்கு நானே கேசு போட்டு, அதே வயல வித்து வக்கீலுக்குக் குடுத்து, ஜெயிச்சுட்டேன்னு ஒனக்கே வெத்தில வச்சிருப்பேன். மருமக்கள்வழி மான்மியம் பாடுன கவிமணி சும்மாவா பாடுனாரு? 1926-ல திருவிதாங்கூரு சட்டம் போட்டு அந்த ஏற்பாட்ட ஒடச்சுது, நீ தப்பிச்சே.

ஒன் காரியத்துக்கு வருவோம். ஒங்கப்பன் தோளுல நான் ஏறுன மாதிரி நீ எவன் தோளுலயாவது ஏறலாம்னு யோசிக்கே, மொகத்துல தெரியுகு. நடக்காது. ஒன் வயல எடுத்தது 1956-ஆம் வருஷத்து நேஷனல் ஹைவேஸ் சட்டம். அதுல 28-ஏவும் கெடையாது, 73-உம் கெடையாது. விலை போரல்லன்னா கவர்மெண்டு நியமிச்ச நடுவர்ட்ட போணும். நம்ம நாட்டுல பெரும்பாலும் அது மாவட்டக் கலெக்டர்தான். செலவ யாரு தரணும்னு நடுவரே தீர்மானிக்கலாம், தோத்தவன் தரதுதான் பொது மொறைன்னு ஆர்பிட்ரேஷன் சட்டத்துல 2015-ல சேத்த 31-ஏ சொல்லுகு. எடுத்ததும் கவர்மெண்டு, நடுவர வச்சதும் கவர்மெண்டு. தோத்தது யாருன்னு அவுகளுக்குள்ள முடிவுக்கு வர கொஞ்சம் நேரம் ஆகும்.

தமிழ்நாட்டுக் கேசு ஒண்ணே சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு, ஹக்கீம் கேசு. சதுர மீட்டருக்கு 46 ரூவா 55 பைசாவுல தொடங்கி 83 ரூவா 15 பைசா வரைக்கும் குடுத்திருக்கான். நம்ம கணக்குல சொன்னா சென்டு ரெண்டாயிரத்துக்குக் கீழ தொடங்கி 3,400-க்குள்ள. நடுவர் கலெக்டரும் ஏத்தல்ல. ஜில்லா கோர்ட்டு 645-ன்னு ஏத்திச்சு, சென்டுக்கு 26,000. 2021 ஜூலையில சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிச்சு? நடுவர் தீர்ப்ப ஜில்லா ஜட்ஜி ரத்து பண்ணலாம், திருத்தி எழுதக் கூடாது. ரத்து பண்ணினா? திரும்பியும் நடுவர்ட்டதான் போணும், பரமபதத்துல பாம்பு கடிச்ச மாதிரி. அந்தக் கேசுக்காரங்களுக்குக் கெடச்சதப் பிடுங்கல்ல, அந்த மட்டுக்கும் புண்ணியம். 2025 ஏப்ரல் 30-ல அஞ்சு ஜட்ஜிமாரு இருந்து, சில வகையில கொஞ்சம் திருத்தலாம்னு தளத்தியிருக்காங்க. அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவுன்னு வக்கீலுமாரு இன்னொரு 10 வருஷம் சாப்பிடுவாங்க.

ஒனக்கு ஆகுற மாதிரி ஒண்ணு உண்டும், கேளு. ரோட்டுச் சட்டத்துல நெலம் போனவனுக்கு ஆறுதல் தொகையும் வட்டியும் கெடையாதுன்னு 1997 திருத்தத்துக்குப் பொறவு ரொம்ப வருஷம் சாதிச்சான். 2019 செப்டம்பர்ல தர்செம் சிங் கேசுல சுப்ரீம் கோர்ட்டு, ஒரே மாதிரி நெலம், ஒரே மாதிரி நஷ்டம், எந்தச் சட்டத்துல எடுத்தேங்கதுக்காவ ஒருத்தனுக்குக் கொறச்சுக் குடுப்பியான்னு கேட்டு, அது செல்லாதுன்னுட்டு. ஹைவே அத்தாரிட்டி விடல்ல. இனிமே வாற கேசுக்கு மட்டும்னு சொல்லுங்கன்னு திரும்பியும் போச்சு. 2025 பிப்ரவரி 4-ல அதையும் தள்ளியாச்சு. ஒன் வயலு 2015-க்கு முந்திப் போனதுலா? அதுனால வக்கீல்ட்ட மொதல்ல இந்தப் பேரச் சொல்லு. அவர் நெத்தி சுருங்கினா வேற வக்கீலப் பாரு.

இப்படித் திரும்பத் திரும்பப் போக அவுகளுக்கு யாரு காசு? ஒனக்கு வக்கீல் ஃபீஸ் ஒன் மடியில இருந்து. அவுக வக்கீலுக்கும் ஒன் மடியில இருந்துதான், நீ வாங்குக சோப்பு, செருப்பு வழியா. ஜெயிச்சு ஒனக்குச் செலவுத் தொகை வந்தாலும் கலெக்டர் பெண்டாட்டி நகைய வித்தா தருவாரு? ஒன் இடது பாக்கெட்டுல எடுத்து வலது பாக்கெட்டுல வைப்பான். வழியில கொஞ்சம் சிந்தும். அன்னா திருப்பதிசாரத்துல டோல்கேட்டு இருக்குலா, ஒன் வயலு போன ரோட்டுல போக நீயே காசு எடுக்கியே, அதுல எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

அமெரிக்காவுல என்ன மொறைன்னு, அங்க இருக்க நம்ம வடசேரிப் பையன்ட்ட போன்ல கேட்டேன். பொதுவா அங்க அவனவன் வக்கீல் காசு அவனவன் பாடு, நெலத்துக்குக் குடுக்க நஷ்டஈட்டுல வக்கீல் ஃபீஸ் சேராதாம். ஆனா புளோரிடான்னு ஒரு மாநிலம்; அங்க கவர்மெண்டு மொதல்ல சொன்ன விலைக்கும் கடைசியில குடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்துல, மொத ரெண்டரை லட்சம் டாலர் வரைக்கும் நூத்துக்கு 33 வீதம் வக்கீலுக்குக் கவர்மெண்டே தனியாத் தரணுமாம். அதாவது, கொறச்சுச் சொன்னவனுக்கே வலிக்கும். நான் போன வச்சுட்டு ரெண்டு வெத்தில சேத்துப் போட்டேன்.

நீ என்ன சாமியவிடப் பெரிய ஆளா? 1811-ல திவானா வந்த கர்னல் மன்றோ கோயில் நெலங்களையே சர்க்காருக்கு எடுத்துக்கிட்டாரு. சாமிக்கு வக்கீலும் இல்ல, வாய்தாவும் இல்ல. அந்தக் கணக்கு 140 வருஷத்துக்கு மேல இழுத்து, 1956-ல அரசியல் சட்டத்துலயே 290-ஏன்னு எழுதி வச்சான்: திருவிதாங்கூருல இருந்து தமிழ்நாட்டோட சேந்த பகுதிக் கோயிலுகளுக்கு வருஷம் 13.5 லட்சம். அரசு இப்போ தனியா மானியம் கூட்டிக் குடுக்கு, ஆனா புத்தகத்துல அந்தத் தொகை ஒரு சக்கரம் ஏறல்ல. சாமிக்கு 15 வட்டி போட ஒரு ஜட்ஜியும் இல்ல பாரு.

அப்போ கேசு போடட்டா, வேண்டாமான்னு கேக்கே. போடு. நான் வேண்டாம்னு சொன்னா ஒங்கம்மை என்னைக் கனவுல வந்து வைவா. ஆனா செலவுத் தொகை வரும்னு நம்பிப் போடாத. அத இனாமுன்னு எழுதிக்க. பக்கத்து வயலு வித்த விலை ஆதாரத்த, அறிவிப்புக்கு முந்துன வருஷங்கள்ல உள்ளதா, இந்த வாரமே நகலெடு. தெங்குக்கு 300 தேங்கான்னு எழுதாத. வக்கீலு எத்தன வெரலக் காட்டினாருன்னு சாட்சி வச்சுக்க. ஒங்க பத்துல நெலம் போனவன் எத்தன பேரு, 17-ஆ? எல்லாத்துக்கும் சேத்து ஒரு வக்கீல், ஒரு குமஸ்தா, ஒரே ஓணம். 17 பேருமா ஒரே பஸ்ஸுல போனா சாயாச் செலவும் பங்கு வைக்கலாம். ஒங்கப்பன் தனியாப் போனான், அதான் அவன் தப்பு.

நோட்டு வேணுமா? உள்ள டிரங்குப் பெட்டியில பச்ச அட்டை கெடக்கு, எடுத்துக்க. பின்னால பத்துப் பக்கம் காலியா இருக்கு. ஒங்கப்பன் என்ட்டதான் குடுத்து வச்சிருந்தான், எதுக்குன்னு அப்போ வெளங்கல்ல.

நில்லு, இந்தா, இதையும் பிடி. அப்பீலுன்னு மதுரைக்குப் போக பஸ் டிக்கெட் என் செலவு.

போறதுக்கு மட்டும்.